மிச்ச மருந்து

இன்று காலை ஆபரேஷன் தியேட்டருக்குப் புதிதாக வந்த நர்ஸ் பெண் ஒருத்தி பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். முழுக்கை. "ஏசி ரொம்பக் குளுருதுக்கா" என்று கைகளைத் தேய்த்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டென்று அவள் கையைப் பிடித்து, முழங்கைக்கு மேல் வரை சுருட்டிவிட்டுப் பார்த்தேன். மருதாணி மட்டும்தான் இருந்தது. பாவம், மிரண்டுவிட்டாள். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

உன் ஸ்வெட்டரும் இதே பச்சைதான். சித்திரை வெயிலில் பஸ் விட்டு இறங்கும்போதுகூட அதைக் கழற்ற மாட்டாய்.

ஒரே கல்லூரியில் படித்து, புதுக்கோட்டையில் ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ கீரனூரிலிருந்து கூட்டத்தில் நின்றுகொண்டே வருவாய். வந்ததும் என் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சீருடை மாற்றுவாய். "ஒங்க வீட்டு நெய்ச்சோறு எனக்கு, எங்கம்மா வச்ச கத்திரிக்காக் கொழம்பு ஒனக்கு. சரியா போச்சா?" என்பாய். பிறந்த குழந்தையின் கையில்கூட ஒரே குத்தில் நரம்பு பிடிக்கிறவள் நீ. டாக்டர்களாலேயே முடியாதபோது உன்னைத்தான் கூப்பிடுவார்கள். வேலை பழகவரும் பெண்களிடம் நீ திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "ஊசியப் போட்டுட்டு மூஞ்சியப் பாக்காதீங்கடி. நெஞ்சப் பாருங்க. ஏறி எறங்குதான்னு பாருங்க."

தியேட்டரின் ஈரத் தரையில் நீ வழுக்கி விழுந்த நாளிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. இடுப்பில் டிஸ்க் விலகியிருந்தது. படுத்து ஓய்வெடுக்கச் சொன்னார்கள். உனக்கு எங்கே ஓய்வு? கணவர் வளைகுடாவில், போன் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. வீட்டில் வயதான அம்மாவும் பள்ளிக்கூடம் போகும் மகளும். வலி மாத்திரையை விழுங்கிவிட்டு மறுவாரமே டியூட்டிக்கு வந்துவிட்டாய். மாத்திரை கேட்காமல் போனபோது ஊசி. அந்த ஊசியும் கேட்காமல் போனபோது ஃபென்டனில்.

அது என்ன மருந்து என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மார்பினைவிடப் பல மடங்கு வீரியமானது. ஆபரேஷனுக்குக் குப்பியை உடைத்தால் பல சமயம் பாதிதான் செலவாகும். மிச்சத்தை இன்னொருவர் கண்முன்னால் கொட்டிவிட வேண்டும். "நீ போடி, நான் கொட்டிக்கிறேன்" என்பாய். உன்னை யார் சந்தேகப்படுவார்கள்?

ஜகதாப்பட்டினத்துப் பக்கமிருந்து வந்த ஒரு மீன்காரம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்த நாள். வார்டில் அந்த அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகினாள். "அந்தப் பாப்பா ஊசி போட்டுச்சேம்மா, நோவு கொஞ்சங்கூட நிக்கலையே." முழு மருந்தும் போட்டதாக நீ சொல்லிவிட்டுப் போயிருந்தாய். நான் உன்னைத் தேடிக்கொண்டு உடை மாற்றும் அறைக்கு வந்தேன். ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். மூக்கைச் சொறிந்துகொண்டு, எதற்கென்றே தெரியாத ஒரு புன்னகை. கண்ணுக்குள் பார்த்தேன். பாவை கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது.

"அந்தம்மாவுக்குப் போட வேண்டியத நீ போட்டுக்கிட்டியா?"

நீ பொய் சொல்லவில்லை. "ஆமா பாத்திமா" என்றாய். பிறகுதான் ஸ்வெட்டர் கையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாய்.

டாக்டரிடம் சொல்லி அந்த அம்மாவுக்கு மருந்து போட வைத்துவிட்டு, நேராக மேட்ரனிடம் போனேன். உன்னைச் சத்தமில்லாமல் வேலையை விட்டு அனுப்பினார்கள். வாசலில் நீ என்னைப் பார்த்து, "நீயெல்லாம் ஒரு மனுசியாடி?" என்று கேட்டாய். அதற்கு என் பதில் இதுதான்: அடுத்த கட்டிலில் இன்னொருத்தி முனகாமல் இருக்கவேண்டும், நீயும் உயிரோடு இருக்கவேண்டும்.

நீ திருச்சியில் போதை மீட்புச் சிகிச்சைக்குச் சேர்ந்ததை உன் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். என்னோடு பேசமாட்டாய் என்றே இருந்தேன். ஒருநாள் புதிய எண்ணிலிருந்து போன். "இங்க சோத்துல உப்பும் இல்ல ஒறப்பும் இல்லடி. வரும்போது ஊறுகா எடுத்துட்டு வா." அவ்வளவுதான் நம் சமாதானம். அன்றே பஸ் ஏறினேன்.

நீ திரும்பிவந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் மகளையும் கூட்டிக்கொண்டு சித்தன்னவாசல் போனோம். நினைவிருக்கிறதா? அவள் பாறைமேல் ஓடிக்கொண்டிருந்தாள். நாம் நிழல் விழுந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். அரைக்கைச் சட்டைதான் போட்டிருந்தாய். ஊசித் தழும்புகள் தெரிந்தன, நீ மறைக்கவில்லை. அன்றைக்குத்தான் வாய்திறந்து சொன்னாய்.

"மொதத் தடவ போட்டப்ப இடுப்பு வலி போச்சு. அது மட்டும் போயிருந்தா விட்டிருப்பேன். அதோட சேத்து எல்லாமே போச்சுடி. அவரு போன் எடுக்காதது, அம்மாவுக்குக் கண்ணு தெரியாம வர்றது, எல்லாம். யாரோ பின்னாடி நின்னு கம்பளி போத்திவிட்ட மாதிரி இருந்துச்சு."

"அப்பறம்?"

"அப்பறம் அந்தக் கம்பளி வரவேயில்ல. எவ்வளவு போட்டும் வரல. போடாட்டி ஒடம்பு முறுக்கும், குளுரும், வாந்தி வரும், எலும்புக்குள்ள எறும்பு ஊருற மாதிரி இருக்கும். அந்த நோவுக்குத்தான் போட்டேன். சந்தோசத்துக்குன்னு நெனைக்கிறாங்க எல்லாரும்."

"இப்ப எப்படி இருக்கு?"

"பசிக்குது" என்றாய். "நெசமாப் பசிக்குது. அதுவே பெருசு."

மூவரும் புளிச்சோறு சாப்பிட்டோம். நீ இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டாய். உன்னை மீட்டுவிட்டோம் என்று நான் நம்பினேன். நீயும் நம்பினாய் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அதற்கப்புறம் மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் உன் அம்மா போன் செய்தார். "பாத்திமா, குளிக்கப் போனவ கதவத் தொறக்கமாட்டேங்குறா. கொஞ்சம் வாயேன் தாயி." நான் வந்துசேரும் முன்பே பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்திருந்தார்கள். சுவரில் சாய்ந்து, தூங்குகிறவள் போல இருந்தாய். உதடு நீலம். ஊசி கையிலிருந்து விழக்கூட இல்லை. எத்தனையோ பேருக்கு நீ பார்க்கச் சொன்னதையே உனக்கு நான் பார்த்தேன். நெஞ்சு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

மருந்தை விட்டு விலகியிருந்த மாதங்களில் உடம்பு அதைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிடும். பழைய அளவே அப்போது உயிரைக் கொல்லும் அளவு. மூச்சு விடு என்று நெஞ்சுக்குச் சொல்ல மூளை மறந்துவிடும். இது நீயே எங்களுக்கு நடத்திய பாடம். தெரிந்த உன்னையே அது கொண்டுபோனது என்றால், தெரிவதற்கும் தப்பிப்பதற்கும் சம்பந்தமே இல்லை போலிருக்கிறது. எங்கே வாங்கினாய், யார் தந்தார்கள், அன்றைக்கு என்ன வலி — எதுவும் எனக்குத் தெரியாது.

உன் அம்மா என்னைத் தனியே அழைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நெஞ்சுவலின்னு சொல்லிருக்கோம். யாரு கேட்டாலும் நீயும் அப்படியே சொல்லு. பொம்பளப் புள்ளைய நாளைக்கு ஒரு எடத்துல குடுக்கணும்." நான் தலையாட்டினேன். உன் கணவர் வந்தார், காரியம் முடிந்ததும் விமானம் ஏறிவிட்டார். கேட்டவர்களுக்கெல்லாம் நெஞ்சுவலி என்றே சொல்லிவந்தேன். நெஞ்சு நின்றது உண்மைதானே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

உன் மகள் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். உன்னைவிட உயரம். போன பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், அடுப்படியில் எனக்குப் பூண்டு உரித்துக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"பெரியம்மா, அம்மாச்சி நெஞ்சுவலின்னு சொல்லுது. ஸ்கூல்ல ஒருத்தி ஊசின்னு சொல்றா. எது நெசம்?"

உன் அம்மாவின் கை என் கையில் இன்னும் இருப்பதுபோலவே இருந்தது. ஆனாலும் அடுப்பை அணைத்துவிட்டு அவளருகில் தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஈரத் தரை, டிஸ்க், கம்பளி, மீன்காரம்மா, சித்தன்னவாசலில் நீ பசிக்கிறது என்று சொன்னது. அது கெட்ட குணம் இல்லை, நோய். நீ அதோடு சண்டைபோட்டு ஒருமுறை ஜெயித்தவள் என்றும் சொன்னேன். நீ என்னை மன்னித்துக்கொள். உன் அம்மா மன்னிக்கமாட்டார்.

அவள் அழவில்லை. பூண்டுத் தோலைக் கையால் ஒதுக்கிக் குவித்தாள். குவித்து முடித்ததும், "கடைசில அம்மாவுக்கு வலிச்சிச்சா பெரியம்மா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. கொஞ்சங்கூட வலிச்சிருக்காது."

அவள் என் தோளில் சாய்ந்தாள். அப்போதுதான் அழுதாள். அவளுக்கு ஆறுதலாகச் சொல்ல என்னிடம் இருந்த ஒரே உண்மை அது. உன்னைக் கொன்றதும் அந்த வலியில்லாமைதான் என்பதை அவளிடம் சொல்லவில்லை. அதை நான் மட்டும் வைத்திருக்கிறேன்.