கடைசித் தாளின் முதல் வரி

மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

நலம்தானே? உன் அண்ணிக்குச் சிலை வைக்கிறார்கள். கையில் புத்தகம். "அவ வசனத் தாளைத் தவிர எதையும் படிச்சதில்லையே" என்றேன். "இருக்கட்டும் சார், கௌரவமா இருக்கும்" என்றார் சிலைக் குழுத் தலைவர். எங்கள் தெருவுக்கும் அவள் பெயர்தான். குப்பை அள்ளாத புகாரெல்லாம் இப்போது அவள் பெயரில் போகிறது.

என் தொல்லை வேறு. தொண்டைப் புற்று அவளைக் கொண்டுபோய் ஓராண்டாகிறது. டிவியைப் போட்டால் பேசுகிறாள், உன் குரலில். இருபது வருடம் அவள் படங்களுக்கு டப்பிங் பேசியவள் நீயல்லவா? வீட்டில் கேட்ட அவள் குரலின் கரகரப்பை நினைத்துப் பார்த்தால், நடுவில் நீ வந்து நிற்கிறாய். கடைசி மாதம் நான் பாலம் கட்ட வெளியூர் போயிருந்தபோது தினமும் போனில் பேசினாளே, அது ஒன்றுதான் மிச்சம். அதுவும் மங்குகிறது. படப்பிடிப்பில் அவள் சொந்தக் குரலில் பேசியது எங்காவது கிடைக்குமா?

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸ்டூடியோவில் எதுவும் இல்லை. என் குரல் ஏறியதும் பழையதை அழித்துவிடுவார்கள்.

அந்தப் போன்களில் பேசியதும் நான்தான். நீங்கள் வெளியூர் போன பிறகு நடந்த ஆபரேஷனில் அண்ணிக்குக் குரல் போய்விட்டது. தெரிந்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவீர்களாம். தினமும் தாளில் எழுதித் தருவார். நான் கரகரப்பைச் சேர்த்துப் படிப்பேன். "இங்க வந்து நிக்காதீங்க, பாலத்தை முடிங்க" என்றதெல்லாம் அவர் எழுதியது. முதல் நாள் "சாப்பிட்டீங்களா?" என்பதை மட்டும் நானாகச் சேர்த்தேன். முறைத்தார். மறுநாளிலிருந்து அதுவே தாளின் முதல் வரி.

தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசித் தாளை மட்டும் போனில் படிக்கவில்லை. அன்று நீங்கள் போனை எடுக்கவில்லை.

உங்கள் தங்கை

ஏப்ரல் 2

தங்கைக்கு,

இருபத்தாறு வருடம் கேட்காதவள் "சாப்பிட்டீங்களா?" என்றபோது, நோய் அவளைத் திருத்திவிட்டது என்று மகிழ்ந்தேன்.

சிலைக்கு அடியில் பொத்தான் வைக்கிறார்கள். அழுத்தினால் அவள் பேச வேண்டுமாம். போய்ப் பேசிக் கொடு. ஊர் அறிந்த குரல் அதுதான். எனக்கு இனி எழுத வேண்டாம்.

தாள்களை வாய்விட்டுப் படித்தேன். கையெழுத்து அவளுடையது, காதில் கேட்டது உன் குரல். கடைசித் தாளை மட்டும் வாய்விட்டுப் படிக்கவில்லை. அன்று பாலத்துக்குக் கடைசிக் கான்கிரீட். சட்டைப் பையில் போன் அடித்தது, அப்புறம் பேசலாம் என்று விட்டுவிட்டேன். அந்தத் தாளில் ஒரே வரிதான் இருக்கிறது. அதற்கு மேல் அவளால் முடியவில்லை போலிருக்கிறது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் அந்த வரி உன் குரலில் கேட்பதில்லை. யார் குரலிலும் கேட்பதில்லை.

தினமும் அதன் எதிரே உட்கார்ந்து பதில் சொல்கிறேன். சாப்பிட்டேன்.

இப்படிக்கு,
அவள் கணவன்