கடலைப் பார்த்த மாடம்

அக்கா,

நார்த்தங்காயைச் சுருளாக அரிந்து உப்பைத் திணித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கையெல்லாம் தோலின் வாசம். உன் இத்தாலி மலைக்கிராமத்துக்கும் இதே வாசம்தான்: படிப்படியாக எலுமிச்சைத் தோட்டங்கள், கீழே கடல்.

பேசியது, நீ குளிப்பாட்டிச் சோறூட்டிப் பார்த்துக்கொண்ட கிழவியின் மகள். மலையில் இடம் போதவில்லையாம். கல்லறைச் சுவரில் உன்னை வைத்திருக்கும் மாடத்துக்குக் கொடுத்திருந்த வருஷக் கெடு முடிந்துவிட்டதாம். எலும்புகளை எடுத்துப் பொதுக்குழியில் சேர்க்கப்போகிறார்களாம். நாளைக்குக் கரண்டு இருக்காது என்பதைப் போலச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் அங்கே வந்திருந்த கோடையில் உப்புக்கண்டம் போட்டாயே, நினைவிருக்கிறதா? நம் மொட்டைமாடியில் கயிறு கட்டுகிற பழக்கத்தில், காரையில்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய தோட்டச் சுவரில் ஆணி அடித்தாய். ஒரு கல் பெயர்ந்து விழுந்தது. அவ்வளவுதான், இதே மகள் ஓடிவந்து கத்தினாள். ஊராட்சியிலிருந்து ஆள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனான். நான் முறைத்தேன். நீ அவர்களுக்குப் பரிந்து பேசினாய்.

"இந்த ஊருல ஒரு கல்லக்கூட நகத்தக் கூடாதுடி. பாட்டன் பூட்டன் அடுக்குனது. இது சரிஞ்சா மண்ணெல்லாம் கடலுக்குள்ள போயிரும்ல."

பிறகு மேலே கல்லறைத் தோட்டத்தைக் காட்டினாய். "நான் செத்தா என்னைய அங்குட்டே வச்சிருங்க. கடலப் பாத்துக்கிட்டுக் கெடப்பேன்."

அப்படியே வைத்தோம். இப்போது கல்லை நகர்த்தக் கூடாது, உன்னை நகர்த்தலாம். எந்த ஊர் நியாயம் இது? அந்தக் கிழவிக்குக் குடும்பக் கல்லறை இருக்கிறது, அவளை யாரும் கிளப்ப மாட்டார்கள். உன்மேலும் எனக்குக் கோபம்தான். அந்த ஊரை உன் ஊர் என்று நம்பினாயே.

தம்பியிடம் சொல்லி அழுதேன். "நம்ம மட்டும் என்ன யோக்கியம்? அம்மாவப் பொதைக்கயில அப்பா எலும்பத் தோண்டி எடுக்கலையா?" என்றான். எடுத்தோம். வெள்ளைத் துணியில் முடிந்து அம்மாவின் காலடியிலேயே வைத்தோம். யாரென்றே தெரியாதவர்களோடு கொண்டுபோய்க் கொட்டவில்லை.

மறுநாள் நானே அந்த மகளைக் கூப்பிட்டேன். என் அக்காவை நான் வந்து எடுத்துக்கொள்கிறேன், அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது என்றேன். சின்னப் பெட்டிதான், கையிலேயே கொண்டுபோய்விடலாம் என்றாள்.

நம் ஊர் மானகிரியில் அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் சொல்லிவிட்டேன். அங்கே கடல் கிடையாது. ஒரு கண்மாய்தான், அதிலும் மழை பெய்தால்தான் தண்ணீர். "இதப் பாக்கவா என்னையக் கூட்டியாந்த?" என்று திட்டுவாய். திட்டிக்கொள். உன்னை மடியில் வைத்துக்கொண்டு வருகிற வழியெல்லாம் நானும் உன்னைத் திட்டிக்கொண்டுதான் வருவேன்.