வவ்வாலின் பாட்டில் உன் குரல்

என் அருமை மீனாளுக்கு,

போன மாதம் ஜெகதாப்பட்டினம் பஸ்ஸில் உன் குரலைக் கேட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அறந்தாங்கியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் ஐஸ் கம்பெனி வேலைக்குப் போகிற ஒருவரின் போனிலிருந்து நீ கேட்டாய்: "டேய் வவ்வாலு, சாப்டியா? பொய் சொல்லாத." அதன்பின் இடி மாதிரி ஒரு தாளம். அப்புறம் மறுபடியும் நீ. "பொய் சொல்லாத. பொய் சொல்லாத."

நான் எழுந்து நின்றுவிட்டேன் போலிருக்கிறது. "என்ன பெருசு, பேயக் கண்ட மாதிரி பாக்குறீங்க? எறங்கணுமா?" என்றார் அவர். அது யார் குரல் என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும். லண்டன்காரன் ஒருத்தன் பாட்டு. நடுவுல இந்த ஆத்தா திட்டுறதுதான் கெத்தே." அது என் மனைவி என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் நம்பியிருப்பாரா? எனக்கே அப்போது நிச்சயமில்லை.

வீட்டுக்கு வந்ததும் உன் தம்பி மகன் கதிரைப் போனில் பிடித்தேன். ராத்திரி முழுக்க விழித்திருக்கிறான் என்று அவனை வவ்வால் என்று திட்டுவாயே, அதையே மேடைப் பேராக வைத்துக்கொண்டுவிட்டான். இங்கிலீஷில் ராப் பாடுகிறான். இசையும் அவனே சேர்க்கிறான், இங்கிலாந்தில் லெஸ்டர் என்ற ஊரில், தன் படுக்கையறையில் உட்கார்ந்தபடி. முதலில் ஏதோ கடையின் நிலவறையில் நண்பர்கள் மட்டும் நின்று கேட்டார்களாம். பிறகு அங்கே ரேடியோவில் போட்டார்கள். இப்போது கடல் தாண்டி நம் பஸ்ஸுக்கே வந்துவிட்டது. நீ வாட்ஸப்பில் அனுப்பிய குரல் செய்திகளில் ஒன்றைக்கூட அவன் அழிக்கவில்லை. அவற்றை நறுக்கித்தான் பாட்டில் சேர்க்கிறான்.

அவனுடைய தமிழ் உன்னிடம் கற்றது அல்லவா? "மாமா, அங்கிட்டு வெயிலா?" என்று கேட்கும்போது நீ இழுக்கிற இடத்தில் அவனும் இழுக்கிறான்.

பாட்டை முறையாகக் கேட்டேன். நூலகத்தில் வேலை பார்த்தவன், வரிசையாகச் செய்தால்தான் எனக்கு எதுவும் புரியும். ஒரு வரி கேட்பது, நிறுத்துவது, அகராதியைப் பார்ப்பது, அடுத்த வரி. நான் படித்த இங்கிலீஷ் பாதிக்குமேல் கைகொடுக்கவில்லை. குளிர்ந்த கிடங்கில் ராத்திரி வேலை, பேசாத அப்பா, தூக்கம் வராத ஊர், இவ்வளவு பிடிபட்டது. அவன் மூச்சு வாங்க நிற்கும் இடங்களிலெல்லாம் நீ வருகிறாய்.

பிறகு புதிதாக ஒன்று அனுப்பினான். அங்கே ஒரு இசைக் கம்பெனி அவனுடைய முதல் ஆல்பத்தை வெளியிடப்போகிறது. அதில் இதுதான் முதல் பாட்டு. "நீங்க சரின்னு சொன்னாத்தான் மாமா வெளிய விடுவேன். அத்தை கொரலு ஒங்களோடதுதானே" என்றான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்து போட்டேன். மழைச் சத்தம். பேசுவதற்கு முன் நீ இழுக்கும் அந்த மூச்சு. பிறகு கூப்பிட்டாய்: "பழனியப்பன்."

"என்ன" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டேன், மீனாள். அங்கே போய் நின்ற பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

பின்வீட்டு ஜமீலா கொல்லைப்பக்கமாக வந்து நின்றாள். "அண்ணே, அக்கா சத்தம் கேட்டுச்சே." மறுபடி போட்டுக் காட்டினேன். முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி கேட்டாள். "இது அக்கா இல்லண்ணே. அக்கா ஒங்க பேரச் சொல்லவே சொல்லாதுல்ல."

ஆமாம். கல்யாணமான நாளிலிருந்து நீ சொன்னதே இல்லை. ஆஸ்பத்திரியில் சீட்டு போடுகிறவர், "வீட்டுக்காரர் பேரு?" என்றபோது, "தைப்பூசத்துக்கு நடந்து போவாகள்ல, அந்த ஊரு" என்றாய். "ஊரக் கேக்கலம்மா." "அந்த ஊரு சாமிதாங்க. அப்பன்னு முடியும்." "சீட்டுப் போடுற எடத்துல விடுகதையா போடுறீங்க?" என்றார் அவர். வரிசையே சிரித்தது, நீயும் சேர்ந்துதான்.

கதிருக்கு இதெல்லாம் யார் சொல்லியிருப்பார்கள்? உன் செய்திகளைக் கொடுத்துக் கம்ப்யூட்டரைப் பழக்கி, என் பேரை டைப் செய்தானாம். அது உன் குரலில் சொல்லிவிட்டது. "அத்தை கூப்டா நீங்க சந்தோசப்படுவீங்கன்னு நெனச்சேன் மாமா."

சந்தோஷப்பட்டேன் என்பதும் உண்மை. தினமும் பல தடவை போட்டேன். ஒவ்வொரு தடவையும் இம்மியும் பிசகாமல் ஒரே மாதிரி கூப்பிட்டது. நீ ஒரு தடவை கூப்பிட்ட மாதிரி மறு தடவை கூப்பிட மாட்டாய். முந்தாநாள் கண்ணை மூடி, உன் நிஜக் குரல் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். என் பேர்தான் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் பயந்தேன்.

உடனே கதிரைக் கூப்பிட்டு, "அது வேண்டாம்ப்பா, எடுத்துரு" என்றேன். அவன் ஆல்பத்தை நான் கெடுக்கிறேனோ என்றும் இருந்தது. அவன் கேட்டான்: "அப்ப அத்தை ஒங்கள எப்படித்தான் கூப்டும்?"

"என்னங்கன்னு."

நேற்று சாயங்காலம் பழைய செய்திகளுக்குள் தேடி ஒன்றை அனுப்பினான். அவனோடு பேசிக்கொண்டே நீ அந்தப் பக்கம் திரும்பி, "என்னங்க, மழ வருது, துணிய எடுங்க" என்கிறாய். போனை விட்டு விலகிய குரல், பாதி மழைக்குள் இருக்கிறது. பதில் இல்லை. மறுபடியும், "என்னங்க." அதற்கும் பதில் இல்லை. நான் குளித்துக்கொண்டிருந்தேனா? மாடியில் இருந்தேனா?

"கம்பெனிக்காரங்ககிட்ட இதுதான் பாட்டுன்னு சொல்லிட்டேன் மாமா. ஆனா அந்த எடம் காலியாக் கெடக்கு. நீங்க பதில் சொல்லி அனுப்புங்க. நெசமாப் பேசுற மாதிரி."

ஜமீலாவிடம் சொன்னேன். "மௌத்தானவங்க கூப்ட்டா பதில் சொல்லக் கூடாதுண்ணே. அதுலயும் வாரேன்னு மட்டும் சொல்லிறாதீங்க" என்றாள். செத்தவர்களிடம் வாரேன் என்றால் கூடவே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று என் அம்மாவும் சொல்லுவாள். இவ்வளவு படித்தவன் இதற்குப் பயப்படலாமா? பயமாகத்தான் இருக்கிறது. வேறு பதில்களைச் சொல்லிப் பார்த்தேன். "ம்." "சரி." "எடுக்கிறேன்." எதுவும் நம் வீட்டில் கேட்ட மாதிரி இல்லை. நீ கூப்பிட்டால் நான் சொன்னது எப்போதும் ஒன்றுதானே? மாற்றிச் சொன்னால் அதுவும் கம்ப்யூட்டர் செய்ததாகிவிடும்.

நாளைக் காலையில் ஜமீலா மீன் வாங்கப் போன பிறகு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். நீ இரண்டாவது தடவை கூப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, "இந்தா வாரேன்" என்று சொல்லுவேன். சொல்லிவிட்டு வராமல் இருந்ததில்லை, மீனாள். இந்தத் தடவையும் வருவேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரர்