கரடிக்கு நீங்கள் கொடுத்த குரல்

என் அருமை மாப்பிள்ளைக்கு,

உங்கள் மகன் கார்த்தி உங்கள் குரலை அழித்துவிட்டான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாத்தைத் துரத்தும் கரடிப் படத்தை வீடியோ டேப்பிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றி, நீங்கள் பேசியதை எடுத்துவிட்டு, யாரோ ஒரு பையனைப் பேச வைத்திருக்கிறான். கரடி இப்போது, “நில் வாத்தே! உன்னைத் தின்னப் போகிறேன்!” என்று உறுமுகிறது. உங்கள் கரடி என்றைக்கு உறுமியது?

சோமனூரில் நீங்கள் கேபிள் டிவி நடத்திய அந்தச் சின்ன அறை இப்போதும் கண்ணில் மிதக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிகள். மத்தியான வெயிலில் பஞ்சு பறந்துவந்து டிவி கண்ணாடியில் ஒட்டும். கரடியின் காட்டில் எந்நேரமும் பனி பெய்வதுபோல் இருக்கும். வெளிநாட்டுப் பொம்மைப் படம். நமக்கு ஒரு சொல்லும் புரியாது. சத்தத்தை அணைத்துவிட்டு ஒரே மைக்கில் பேசி டேப்பில் பதிவோம். நீங்கள் கரடி, நான் வாத்து.

“ஏனுங் அம்மணி, செத்த நில்லுங்க. நோவாமக் கடிச்சுக்கறனுங்க.”

“அதுக்கென்னுங்க, மொதல்ல காப்பி குடிங்க.”

தின்ன வந்த கரடியும் மரியாதை குறையாமல் கேட்டது. தறிச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமே என்று தொண்டை கிழியக் கத்தினோம்.

கார்த்தியிடம் சண்டைக்குப் போனேன். டேப்புகளைச் சாக்கில் கட்டி, பழைய சாமான்காரருக்கென்று ஒதுக்கி வைத்திருந்தான்.

“இந்தக் காலத்துக் கொழந்தைங்க பழைய பொம்மைப் படத்துக்கெல்லாம் சிரிக்காதுங்க, மாமா.”

“உங்கப்பன் கொரல் வேற எதுலடா இருக்குது?”

உங்கள் கல்யாணத்தில்கூட வீடியோ எடுக்கவில்லையே.

சாக்கை நான் தூக்கி வந்துவிட்டேன். பழைய டேப் ஓட்டும் பெட்டியையும் பிரித்துச் சரிசெய்தேன். யாரிடமும் படிக்காமல் பிரித்துப் பழகிய கைதானே. பல்லடம் மண்டபத்தில் உங்கள் பேத்திக்குக் காதுகுத்து. பந்திக்கு முன்னால் குழந்தைகளை உட்கார வைத்துப் படத்தைப் போட்டேன்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், முதல் பத்து நிமிடம் ஒருவரும் சிரிக்கவில்லை. “வேகமே இல்லீங்க, தாத்தா” என்று ஒருவன் ஐஸ்கிரீம் தேடிப் போனான். கார்த்தி தூணில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அந்த இடம் வந்தது. நினைவிருக்கிறதா? அன்றைக்கு நாம் பதிந்துகொண்டிருந்தபோது கரண்ட் போய்த் தறியெல்லாம் சட்டென்று நின்றது. நம் மிஷின்கள் பேட்டரியில் ஓடின. நீங்கள் கவனிக்காமல், அந்த நிசப்தத்தில் ஊருக்கே கேட்கும்படி, “நோவாமக் கடிச்சுக்கறனுங்க!” என்று கத்தினீர்கள். வெளியிலிருந்து என் தங்கச்சி குரல்: “ஏனுங்க, யாரைக் கடிக்கறீங்க?”

“கரடிதானுங்க, சரசு. நானில்லீங்க!” பயத்தில் மனைவிக்கும் ‘ங்க’ போட்டீர்கள்.

மண்டபமே அதிர்ந்தது, மாப்பிள்ளை. காது வலியில் அழுதுகொண்டிருந்த உங்கள் பேத்தி, கண்ணீரோடு சிரித்து, “மறுக்காப் போடுங்க, தாத்தா” என்றாள். நான்கு முறை போட்டேன். நான்காவது முறை, கரடி வாயைத் திறந்ததுமே சிரித்தார்கள். சரசு மட்டும் பின்வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை வருடம் கழித்து அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். சிரித்தாளா, அழுதாளா?

“உங்க கூத்துக்குத்தான் சிரிச்சாங்க, படத்துக்கில்லீங்க” என்றான் கார்த்தி.

“சிரிச்சாங்களா, இல்லையா?”

படத்துக்கா, உங்களுக்கா? எனக்கும் தெரியவில்லை. அவனிடம் ஒத்துக்கொள்ளத்தான் மாட்டேன்.

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். கார்த்தி உங்கள் குரலைக் கரடிக்குத் திருப்பித் தர வேண்டும். தறிச் சத்தத்தைத் துளியும் குறைக்கக் கூடாது. டேப்புகள் சரசுவின் பீரோவுக்குள் போக வேண்டும். சாவி அவள் இடுப்பை விட்டு இறங்கக் கூடாது. மற்ற டேப்புகளின் பூஞ்சையை என் கையாலேயே துடைத்து எடுப்பேன், இது சத்தியம். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். வாத்துக்கு வயதாகிவிட்டது. கொஞ்சம் மெதுவாகத் துரத்துங்கள்.

காப்பியோடு காத்திருக்கும்,
உங்கள் மச்சான்