கிண்ணத்தில் இருந்த இரண்டு மிடறு

ஞாயிறு, இரவு.

இன்று திருவிருந்து ஆராதனை. அப்பம், சபையார் ஒருவர்பின் ஒருவராகக் குடிக்கும் திராட்சை ரசக் கிண்ணம் எல்லாம் எடுத்துவைப்பது பெண்கள் சங்கச் செயலாளரான என் வேலை. ஆராதனைக்கு முன்பே இரண்டு பேர் என்னிடம் வந்து, ஸ்டெல்லா குடித்த கிண்ணத்தில் தங்களால் வாய் வைக்க முடியாது என்றார்கள். ஸ்டெல்லா பதினைந்து வருடமாகப் பீங்கான் கம்பெனியில் மண் அரைக்கிறவள். அந்தத் தூசியால் வந்த இருமல். ஒட்டுகிற வியாதி இல்லை என்று டாக்டர் எழுதிய சீட்டைப் போன வாரமே என்னிடம் காட்டினாள். அதை அவர்களிடம் நான் சொல்லவில்லை. ஸ்டெல்லாவிடம் போய், "நீ கடைசியா வாம்மா" என்றேன்.

கடைசியாகத்தான் வந்து முழங்காலிட்டாள். போதகர் அவள் கையில் அப்பத்தை மட்டும் வைத்தார்.

"ரசம் தீந்துடுச்சும்மா."

பிறகு கிண்ணத்தைக் கழுவ எடுத்தேன். இரண்டு மிடறு ரசம் இருந்தது. போதகரைப் பார்த்தேன்.

"செடிக்கு ஊத்திடுங்க" என்றார். ஊற்றினேன்.

ஸ்டெல்லா உள்ளே பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "அக்கா, அடுத்த மாசம் கொஞ்சம் முன்னாடியே வந்துடட்டுமா? இன்னைக்கு மாதிரி தீந்துடப் போவுது" என்றாள்.

"இருமல் நிக்கட்டும், பாக்கலாம்" என்றேன்.

நிற்காது என்று இருவருக்கும் தெரியும். "சரிங்கக்கா" என்று சொல்லி அடுத்த பாயை எடுத்தாள்.

நாளை விருத்தாசலம் பெரியாஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சங்கத்திலிருந்து பழம் கொடுக்கிறோம். ஜெபம் பண்ண என் பெயரைத்தான் போட்டிருக்கிறார்கள்.