உப்பளத்தில் இன்னொரு தனிச் சொம்பு

என் அன்பு அம்மாவுக்கு,

உனக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்தும் எழுதுகிறேன், மன்னித்துவிடு. பக்கத்தில் இருந்தபோதே வாயைத் திறக்காதவள் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறாளே என்று நீ சிரிக்கலாம். ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லா சிஸ்டர் சின்னதாக ஒரு மலர்ப் புத்தகம் போடுகிறார். நோயாளிகளின் வீட்டார் எழுதிக் கொடுக்கலாம் என்றார். நாலு பேர் கேட்க உன்னிடம் பேசுவது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அப்பா நன்றாக இருக்கிறார். குழம்பில் உப்புப் போட மறந்துவிடுகிறார், பிறகு அதையே சாப்பிடுகிறார். சுனாமி அலை கொண்டுவந்து கொட்டிய சேற்றை அள்ளி, பாத்திகளை மிதித்துச் சரிசெய்தார்கள். இந்தக் கோடையில் உப்பு நன்றாக விளைகிறது. உன் பாத்தியில் வேறு ஒருத்தி வாருகிறாள். அந்தப் பக்கம் போனால் நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நடக்கிறேன்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது அம்மா. எங்கே தெரியுமா? அதே ஆஸ்பத்திரியில்தான். புதிதாக வருகிறவர்களை டாக்டரிடம், பல் டாக்டரிடம், கரண்டு என்று நாம் சொல்கிற கதிர் வைக்கும் அறைக்கு, கஞ்சி கொடுக்கிற இடத்துக்கு அழைத்துப் போக வேண்டும், கூட உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்குப் பேச வராதே சிஸ்டர் என்றேன். "பேசறதுக்கு ஆளு நெறைய இருக்காங்கம்மா. கூட உக்கார்றதுக்குத்தான் இல்ல" என்றார். நீயும் நானும் காத்திருந்த அந்த நீளப் பெஞ்சில் இப்போது வேறு அம்மாக்களோடு உட்காருகிறேன்.

உன்னை அங்கே எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். கரண்டு வைப்பதற்காக உன் கன்னத்திலும் கழுத்திலும் மையால் கோடு போட்டார்களே, மறுநாள் நீ பளிச்சென்று போய் நின்றாய்.

"யம்மா, கோடு எங்க?"

"குளிச்சேன் சிஸ்டர்."

"சோப்புப் போட்டா?"

"பின்ன? உப்பளத்துல வேலை செஞ்ச ஒடம்பு, தேய்ச்சிக் குளிக்காம எப்பிடி இருக்கும்? மூஞ்சில மையோட பஸ்ஸுல போனா கண்டக்டரு என்னைப் பாத்துப் பயந்துட மாட்டானா?"

திட்ட வந்த சிஸ்டரும் சிரித்துவிட்டார். மறுபடி முதலிலிருந்து அளந்து கோடு போட்டார்கள். அன்று வாய் கொப்புளிக்க உப்பும் சோடா மாவும் கலந்த தண்ணீர் கொடுத்தபோது, "எங்க ஊரு உப்ப எனக்கே மருந்துன்னு குடுக்கறீங்களா?" என்று கேட்டாய். "இது எரிச்சலுக்கும்மா. நோவுக்கு இல்ல" என்றார் சிஸ்டர். உன் முகம் சட்டென்று மாறியதை நான் பார்த்தேன்.

ஒரு பருவம் முழுக்க நீ உப்புத்தண்ணீரைத்தானே கொப்புளித்தாய். காலில் வெடிப்பு வந்தாலும் கையில் கிழித்தாலும் உப்பளத்துத் தண்ணீரில் நின்றே ஆற்றிக்கொள்கிறவர்கள் நாம். வாய்ப்புண்ணும் அப்படித்தான் ஆறும் என்று இருந்துவிட்டாய். அலைக்குப் பிறகு போட்ட மருத்துவ முகாமுக்குக்கூட நீ கால் வெடிப்புக்கு மாத்திரை வாங்கத்தான் போனாய். அந்த டாக்டரம்மா, "வாயைத் திறங்க" என்று சொல்லியிருக்காவிட்டால் அப்போதும் தெரிந்திருக்காது. தெரிந்தபோது நாள் கடந்திருந்தது. அப்படியும் யாரும் உன்னைக் கைவிடவில்லை. ஊர்க் கண்ணில் படாமல் மாமா வீட்டில் நீ படுத்திருந்த கடைசி நாட்களில், வலி மருந்தை எடுத்துக்கொண்டு சிஸ்டர் மழையில் நனைந்து வந்தார். நோவைத் தீர்க்க முடியாதபோதும் ஒருவருக்குச் செய்ய இவ்வளவு இருக்கிறது என்பதை நான் அந்த வீட்டில்தான் பார்த்தேன்.

அம்மா, சொம்பைப் பற்றிக் கேட்க வேண்டும்.

உப்பளத்தில் நல்ல தண்ணீர் கிடையாது. முறை வைத்து ஒருத்தி பானையில் கொண்டுவர, எல்லோரும் ஒரே டம்ளரில் மொண்டு குடிப்பீர்கள். வாயில் புண் வந்த பிறகு நீ மட்டும் தனியாகச் சொம்பு கொண்டுபோனாய். என்னையும் அதில் குடிக்க விடவில்லை. உன்னோடு பாத்தியில் நின்ற அஞ்சலை சித்தி என் எதிரிலேயே கேட்டார்: "ஏன்டி, மவ காலேஜ் படிக்குதுன்னு எங்க டம்ளரு ஒனக்கு நாத்தம் அடிக்குதா?" நீ சிரித்துக்கொண்டே, "ஆமா, நாளைக்கி நாற்காலி போட்டு உக்காரப் போறேன்" என்றாய். அந்தச் சிரிப்புக்கு உனக்கு எவ்வளவு வலித்திருக்கும்?

அந்த நோய் ஒட்டாது என்று டாக்டரம்மா எத்தனை முறை சொன்னார். நீ தலையை ஆட்டினாய், நம்பவில்லை. மாமா வீட்டில் என் கையை இழுத்து உன் தலைமேல் வைத்துக்கொண்டாய். "மஞ்சக்காமாலன்னு சொல்லு. அந்தப் பேரச் சொன்னா, நான் மொண்டு குடிச்ச பானைய நெனச்சி எல்லாரும் பயந்துருவாங்க. ஒன்னையும் எவனும் கட்ட மாட்டான்." சரி என்றேன். ஊரில் அப்படியே சொன்னோம். இன்றுவரை அப்படியே இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை உப்பளத்துக்கு அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். வரப்பில் எல்லோரும் பானையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலை சித்தி மட்டும் தள்ளி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தனிச் சொம்பு.

எனக்கு உன் சொம்புதான் தெரிந்தது அம்மா.

அருகில் போய், "சித்தி, வாயில புண்ணா?" என்றேன். எப்படிக் கேட்டேனோ தெரியவில்லை.

"ஒனக்கு யாரு சொன்னா? சும்மா வாய்ப்புண்ணுடி. வெத்தலை போட்டுப் போட்டு வந்தது."

"எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க சித்தி. நான் கூட வர்றேன். காட்டிட்டு வந்துடலாம்."

"போடி, இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா? ஒங்கம்மாளுக்கும்தான் வந்துது. உப்புத்தண்ணி கொப்புளிச்சி ஆறிப்போச்சின்னு அவளே சொன்னா. பாவம், அப்புறம் மஞ்சக்காமாலையில போயிட்டா. நானும் அவ செஞ்ச மாதிரிதான் செய்யறேன்."

நீ செய்த மாதிரி. உன் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தவள் நான். காலிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சித்தியின் முகம் உன்னுடையதுபோல் இன்னும் வீங்கவில்லை அம்மா. அவர் நன்றாகப் பேசுகிறார், நன்றாகச் சிரிக்கிறார். ஆரம்பத்திலேயே வந்தவர்கள் குணமாகித் திரும்பிப் போவதை நான் தினமும் பார்க்கிறேன். சித்திக்கு வெறும் புண்ணாகக்கூட இருக்கலாம். ஆனால் உனக்கு ஆறியது என்று நம்புகிறவரை அவர் வரமாட்டார்.

வந்தால் நான் அவரை விடமாட்டேன். பெஞ்சில் கூட உட்காருவேன், கோட்டை அழிக்காமல் பார்த்துக்கொள்வேன், கஞ்சியை ஆற்றிக் கொடுப்பேன். அதற்கெல்லாம் முன்னால், உப்பளத்தில் எல்லோரும் பார்க்க அவர் சொம்பிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பேன். நீ என்னைக் குடிக்க விடாத தண்ணீர். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

கேட்க வந்ததை இதுவரை தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். எனக்குப் பேசத்தான் வராது, வாசிக்க வரும். வெயிலில் நின்று நீ வாங்கிக் கொடுத்த படிப்பு அது. மலருக்குக் கொடுக்கும் முன்னால், நாளைக் காலை இந்தக் கடிதத்தை அஞ்சலை சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து வாசிக்க வேண்டும். உனக்கு வந்தது புற்றுநோய் என்று சொல்ல வேண்டும்.

என் கையை உன் தலைமேலிருந்து எடுத்துவிடு அம்மா.

உன் மகள்,
கோமதி