கொம்பைத் தாண்டி ஒரு முழம்

ஒதியம்பட்டு,
18.02.2026

அன்பு மருமகள் மஞ்சுளாவுக்கு மாமா எழுதுவது.

இங்கே நான் நலம். அங்கே நீ நலம் என்பது நேற்று மாலை ஏழு மணிக்கே எனக்குத் தெரியும். தினமும் போனில் பேசுகிறவர்களுக்கு இடையில் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ "சாப்ட்டீங்களா மாமா" என்பாய். நான் "ஆச்சும்மா" என்பேன். குமரன் போன இந்த இரண்டு வருடம் நான்கு மாதத்தில் நாம் அதற்கு மேல் ஒரு வாக்கியம்கூட முன்னேறவில்லை. கொம்யூன் பஞ்சாயத்தில் முப்பத்தொரு வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்குத் தாளைக் கண்டால்தான் வாய் திறக்கிறது. இந்தக் கடிதத்தையும் கூடவே ஒரு சாக்குச் சுருளையும் உன் அம்மா வெள்ளிக்கிழமை கோயம்புத்தூருக்குக் கொண்டுவருவார்கள். படித்து முடிக்கும்வரை சுருளைப் பிரிக்காதே.

வீட்டுச் செய்திகள். மழைக்குப் பிறகு சமையலறைச் சுவரில் காரை பெயர்ந்திருக்கிறது. முட்டிவலி அப்படியே இருக்கிறது. என்னை விட்டுப் போகாது என்று நம்பக்கூடிய ஒரே உறவு. ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். வில்லியனூரில் உரக்கடை வைத்திருக்கும் என் சிநேகிதன் அமீர் ஹம்சா ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல என் கடைச் சரக்கு எதனாச்சும் கலந்தியாபா?" என்று கேட்டான். மற்றபடி ஊரில் எல்லோரும் சௌக்கியம்.

செடிகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று உன்னிடம் சொல்லிவந்தேன். அது பொய். குமரன் விட்டுப்போனது முப்பத்திரண்டு ஆர்க்கிட். இன்று இருப்பது பத்தொன்பது. மற்ற பதின்மூன்றும் பட்டினியால் சாகவில்லை, உபசாரத்தால் செத்தன. காலையில் ஒரு குவளை தண்ணீர், மாலையில் ஒரு குவளை, துக்கம் வந்தால் இன்னொரு குவளை. கரித்துண்டிலும் தேங்காய் மட்டையிலும் உட்கார்ந்து காற்றைக் குடித்து வாழ்கிற செடிகள் அவை. எவ்வளவு துக்கத்தைத்தான் தாங்கும்? வேர் அழுகிவிட்டது.

அவன் வளர்த்தவை எல்லாம் பழைய கலப்பினங்கள். புது ஆர்க்கிட்டுகள் செல்போன் மாதிரி வருடத்துக்கு ஒரு மாடல் வருகின்றன. ஒருமுறை மலர்க் கண்காட்சியில் முழங்கை நீளக் கொத்து ஒன்றைக் காட்டி, இதை வாங்கேன் என்றேன். "பூ பெருசுதாம்பா, ஆனா அது யாருன்னே தெரியலியே" என்றான். அன்று எனக்கு விளங்கவில்லை. பாம்படூர் என்ற அவனுடைய ஊதாப் பூ இப்போது பூத்திருக்கிறது. 1934-இல் பெயர் வாங்கிய கலப்பினம். ஒரு காலத்தில் விமானம் ஏறிப்போய் விற்ற பூவாம். இன்று நர்சரியில் கேட்டால் சிரிக்கிறார்கள். காலையில் அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். ஓய்வு பெற்றவர்களுக்குள் பேச நிறைய இருக்கிறது.

நான் சொல்ல வந்தது மிஸ் ஜோக்கிம் பற்றி. சிங்கப்பூரில் ஒரு தோட்டத்தில் நூற்றுமுப்பது வருடத்துக்கு முன் முளைத்த கலப்பினம் என்று குமரன் சொல்வான். பென்சில் போன்ற இலைகளோடு, நல்ல வெயிலில் கொம்பைப் பிடித்து ஏறுமே, அதுதான். உங்கள் கல்யாணத்துக்கு அடுத்த வாரம் நட்டான். சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்ததும் நேரே அதனிடம்தான் போவான். "மொதல்ல அவளப் பாத்துட்டுத்தான் என்னிய பாக்க வருவியா?" என்று நீ உள்ளிருந்து கத்துவாய். அந்தச் சத்தம் இந்த வீட்டில் இருந்தது.

அவன் போன பிறகு அது ஒரு பூகூடப் பூக்கவில்லை. நான் செய்யாத பணிவிடை இல்லை. கொம்பின் நுனியைத் தாண்டித் தலைநீட்டும்போதெல்லாம், ஐயோ பிடிமானம் இல்லாமல் ஆடுகிறதே என்று ஒரு சவுக்குக் கழியை மேலே சேர்த்துக் கட்டுவேன். மூன்று முறை கட்டினேன். மொட்டைமாடிச் சுவரை எட்டிவிட்டது. அமீர் ஹம்சா அண்ணாந்து பார்த்து, "இன்னாபா, பூவுக்கு வளக்கறியா, டவருக்கு வளக்கறியா?" என்றான்.

அன்றுதான் குமரனுடைய கம்பெனி டைரியை முதல்முறையாகத் திறந்தேன். அதுவரை முடியவில்லை. பஞ்சாயத்தில் நூறு இரங்கல் தீர்மானமாவது எழுதியிருப்பேன். எல்லாவற்றுக்கும் ஒரே வாசகம்தான், பெயரை மட்டும் மாற்றுவேன். அந்த வாசகத்தில் அவன் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. அவன் கையெழுத்தைப் பார்க்கவும் கண் வரவில்லை. டைரியில் ஒவ்வொரு செடிக்கும் ஒரு பக்கம். மிஸ் ஜோக்கிம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'கொம்பைத் தாண்டி ஒரு முழம் தனியாக நின்றால்தான் பூக்கும். மேற்கொண்டு கொம்பு கட்டக்கூடாது. அப்பாவிடம் சொல்ல வேண்டும்.'

சொல்வதற்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். லாரிக்காரனுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

அதன் பிறகு கழி கட்டவில்லை. அது ஆடுவதைப் பார்க்காமல் இருக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். கார்த்திகை முடிவில் மொட்டு விட்டது. இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த இதழ்; தொண்டையில் மட்டும் கொஞ்சம் ஆரஞ்சு. ஒவ்வொரு பூவும் சில நாள்தான் இருந்தது, ஆனால் ஒன்று போக ஒன்று வந்தது. வீட்டில் காட்ட ஆள் இல்லாததால் பால்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாக்குது சார்" என்று சொல்லிவிட்டு அரை லிட்டர் ஊற்றிவிட்டுப் போனார். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், என்ன செய்து பூக்க வைத்தீர்கள் என்று நீ கேட்பாய். கழி கட்டாமல் விட்டேன் என்று சொல்ல எனக்கு அப்போது மனம் வரவில்லை.

போன வாரம் உன் அம்மா வந்திருந்தார்கள். நான் போட்ட காப்பியை முழுதும் குடித்ததிலேயே, பெரிய விஷயமாக வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. உன் அலுவலகத்திலேயே இருக்கிற புகழ்வேந்தன் உன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டதையும், உனக்கும் விருப்பம்தான் என்பதையும், ஆனாலும் நீ மாட்டேன் என்றதையும் சொன்னார்கள். "மாமா தனியாக் கெடப்பாருன்னு ஒரே பேச்சு, சம்பந்தி. இன்னா சொன்னாலும் கேக்க மாட்றா" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மஞ்சுளா, கோயம்புத்தூர் வேலை வந்தபோது மாதம் இரண்டு தடவை இங்கே வர வேண்டும் என்றது நான். ஏழு மணிக்கு போன் செய் என்றதும் நான். உன் அம்மா வீட்டிலிருந்து உன் புடவைகளைக் கேட்டு ஆள் வந்தபோது, இது அவ வூடு, இங்கியே இருக்கட்டும் என்று பெருமையாகச் சொல்லி அனுப்பியதும் நான்தான். ஊரே என்னைப் பாராட்டியது. மருமகளை மகளாக வைத்திருக்கிறார் என்றார்கள். வைத்திருந்தேன்.

இனிச் சுருளைப் பிரிக்கலாம். மிஸ் ஜோக்கிமின் மேல்பாதி அதில் இருக்கிறது. இரண்டு முழம், ஆறு வேர். பூ ஓய்ந்ததும் நானே வெட்டினேன். வெட்டு கொஞ்சம் கோணல். வெயில் விழும் இடத்தில் நடு. உன் நெஞ்சுயரத்துக்கு ஒரு கொம்பு போதும். மேலே போனால் போகட்டும். ஆடும், பயப்படாதே. இங்கே நிற்கிற அடிக்கட்டை பார்க்கச் செத்தது போல இருக்கிறது. அப்படித்தான் இருக்குமாம், சில மாதம் கழித்துப் பக்கத்தில் முளை விடும் என்று டைரியில் இருக்கிறது. அதைப் பார்க்க என்று நீ வர வேண்டாம்.

புகழ்வேந்தனுக்கு என் ஆசி. பத்திரிகை அனுப்பினால் அமீர் ஹம்சாவோடு வருவேன். நான் யார் என்று யாராவது கேட்டால், செடி கொடுத்தவர் என்று சொல். நூறு வருடம் இருவரும் நன்றாக இருங்கள். உன் சிரிப்புச் சத்தம் அந்த வீட்டில் கேட்கட்டும்.

இன்னும் ஒன்றுதான். இந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து ஏழு மணிக்கு போன் செய்யாதே, அம்மா. செய்தால் எடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் மாமா
நாகராஜன்